மழைக்குருவி என்றொருத்தி

பத்திலிருந்து தலைகீழாக எண்ண ஆரம்பித்த டாக்டர் ஆறுக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரரின் தலை தொங்கிவிட்டது.

பதினெட்டு வருஷமாக நான் கத்தியும் அடங்காத மனிதர்!

உடம்புதான் அடங்கியது. வலது கட்டைவிரல் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மயக்கத்திலும் எதையோ தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், பாவி மனுஷன்.

முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் போன். கல்யாண மாப்பிள்ளைக்குப் பாதி மீசை போய்விட்டது. அன்றிலிருந்து கடையில் ஈ ஓட்டுகிறார். இந்த இன்டர்நெட் பைத்தியம் தெளியாவிட்டால் கடைக்குப் பூட்டுதான். அதனால்தான் ஹிப்னாடிச டாக்டரிடம் இழுத்து வந்தேன்.

“அந்த போன்ல அப்படி என்ன இருக்கு?” டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

“மழைக்குருவி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“யார் அது?”

“தெரியாது. ஜோக் குழுவுல நான் போடறதுக்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஆள். வழுக்கைத் தலைக்காரர் சீப்பு வாங்கினார், எதுக்குன்னேன், ஞாபகத்துக்குன்னார். இதுக்கே பன்னிரண்டு ஸ்மைலி போட்டா.”

கண் மூடியபடியே முகமெல்லாம் பல். பிறகு உதடு பிதுங்கியது.

“வீட்ல சொன்னா, பால் வாங்கினீங்களான்னு கேப்பா.”

கேட்பேன்தான். பால் வாங்க மறந்த ஆளிடம் வேறென்ன கேட்பதாம்? ஆனாலும், வீட்டில் ஒரு சிரிப்புக்கு இப்படியா ஏங்கிக் கிடந்திருக்கிறார்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் சங்கடமாகக் கனைத்தார். “வேர் இதுதாம்மா. அந்தப் பொம்பள ஞாபகத்தையே கலைச்சு விட்டுடறேன். போன் பக்கமே போகமாட்டார்.”

“ஐயோ, வேணாம் டாக்டர்! மத்த எல்லாத்தையும் கலைச்சுடுங்க. அவளை மட்டும் நான் பாத்துக்கறேன்.”

டாக்டரின் முகம் வெளிறியது. “அம்மா, ஆத்திரத்துல அடிதடின்னு இறங்கிடாதீங்க.”

சத்தியமாக அடிக்கமாட்டேன் என்றேன். நம்பவில்லை. இன்னொரு முறை சொல்லவைத்தார்.

அடிப்பதாவது! இவர் அங்கே யாரிடம் வழிகிறார் என்று வேவு பார்க்கத்தான் போன வருஷம் மழைக்குருவி என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தக் குழுவில் நுழைந்தேன். முதல் ஜோக்குக்கே அடுப்படியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்துத் தொலைத்தேன். நேரில் சிரிக்க மட்டும் ரோஷம் விடவில்லை.

டாக்டர் இவரை எழுப்பத் தொடங்கினார். நான் அவசரமாக என் போனை எடுத்தேன்.

நிஜமாகவே மழைக்குருவி கணக்கை அழிக்கவா என்று கேட்டது. ஒரு நொடி என் விரலும் தயங்கியது.

அழித்துவிட்டு, இவர் கண் திறப்பதற்குள் நாற்காலியை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், எந்த ஜோக் வந்தாலும் சிரித்துவிடுவது என்று.