ஆக்டோபஸின் ஐந்து இதயங்கள்

“ஆக்டோபஸுக்கு எத்தினி இதயம், தம்பி?”

கேட்டுவிட்டு பக்தவத்சலம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெண் பார்க்க வந்திருந்த திருமுருகனின் வாயில் பாதி வாழைக்காய் பஜ்ஜி இருந்தது.

“இன்னாங்க, அவரு சாப்புடட்டும். ஆறிப்போவுது பாருங்க,” என்றாள் மனைவி ராணி.

பக்தவத்சலம் கையை மட்டும் உயர்த்தினார். பரீட்சை நடக்கும்போது பேசக் கூடாது.

மகள் சௌம்யாவைப் பார்க்க கள்ளிக்குப்பத்துக்கு வருகிற எந்தப் பையனும் இதிலிருந்து தப்ப முடியாது. ஜாதகம் பொருந்தினாலும் பத்துக் கேள்வி உண்டு. பொது அறிவு இல்லாதவன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்பது அவர் கட்சி.

இளவயதில் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதி, பொது அறிவுத் தாளில் ஒரே ஒரு மார்க்கில் கோட்டை விட்டவர் அவர். அன்றிலிருந்து கண்ணில் பட்ட தகவலையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். வேலை என்னவோ கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணி ஓய்வு பெற்றார். கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார அவருக்கு ஒரு பெண்ணைப் பெற்று வளர்க்க வேண்டியிருந்தது.

மூன்று வருடத்தில் ஒன்பது பேர் வந்து போய்விட்டார்கள். கடைசி இரண்டு கேள்விகளை ஒருவனும் தாண்டவில்லை.

இந்தப் பையன் வேறு மாதிரி. முழத்துக்கு எத்தனை அங்குலம்? பதினெட்டு. கிரிக்கெட் ஸ்டம்ப்பின் உயரம்? இருபத்தெட்டு அங்குலம். மணிலா எந்த நாட்டின் தலைநகரம்? பிலிப்பைன்ஸ். எல்லாம் டக் டக்கென்று வந்தது. ஒன்பதாவதாக, தேனீக்கு எத்தனை கண் என்று கேட்டபோது “மூணு” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பார்வதத்துக்குப் புரையேறியது.

இப்போது ஆக்டோபஸ்.

திருமுருகன் பஜ்ஜியை விழுங்கினான். அம்மா பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அஞ்சு, சார்.”

பக்தவத்சலம் எழுந்தே விட்டார். பையனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. இந்த ஊரில் படித்தவன் ஒருவனாவது இருக்கிறான்.

வழியனுப்ப லிஃப்ட் வரை போனார். பையன் முன்னால் போய் உள்ளே நின்றுகொண்டான். பார்வதம் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினார். ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“தப்பா நினைக்காதீங்க சார்,” என்றார் தாழ்ந்த குரலில். “நான் இருபத்தாறு வருஷமா உயிரியல் எடுக்கறேன். தேனீக்குத்தான் அஞ்சு கண்ணு. ஆக்டோபஸுக்கு மூணு இதயம். இது எம்புள்ளைக்கு ஆறாங்கிளாஸ்லயே தெரியும். இன்னைக்குப் பதட்டத்துல மாத்தி உளறிட்டான். நீங்களும் பெரிய மனசு பண்ணி சரின்னுட்டீங்க.”

லிஃப்ட் இறங்கிப் போனது.

பக்தவத்சலம் அங்கேயே நின்று போனில் தேடினார். டீச்சர் சொன்னதுதான் சரி. நம்பாமல் இன்னொரு இடத்திலும் தேடினார். அங்கேயும் டீச்சர்தான் சரி.

வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தார். அடுத்தடுத்து இரண்டு வரிகள். ‘தேனீயின் கண்கள் – 3. ஆக்டோபஸின் இதயங்கள் – 5.’ எந்தக் காலத்திலோ பத்திரிகையைப் பார்த்து எழுதியபோது இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார். அதைத்தான் முப்பது வருடத்துக்கு மேலாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

போன வருடம் பூந்தமல்லியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஞாபகத்துக்கு வந்தார். மூன்று இதயம் என்றவரின் தோளில் தட்டி, “இன்னும் நெறைய படிக்கணும் தம்பி” என்று அறிவுரை சொல்லி அனுப்பி வைத்தார். அந்த மனிதர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பக்தவத்சலம் கட்டிலில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் கூசியது.

கூச்சம் கொஞ்சம் அடங்கியதும் வேறொன்று உறைத்தது. பையனுக்குச் சரியான பதில் தெரியும். அப்படியானால் இந்தத் தப்பு அவனுக்கு எப்படிக் கிடைத்தது? உலகத்திலேயே ஆக்டோபஸுக்கு ஐந்து இதயம் இருப்பது இந்த நோட்டில் மட்டும்தான். இந்த நோட்டு பீரோவை விட்டு வெளியே போனதில்லை.

சமையலறையில் சௌம்யா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் போய் நின்றார்.

“ஏம்மா, என் நோட்டுல தப்பு கீதுன்னு அந்த மாட்டு டாக்டரு வந்தப்பவே உனுக்குத் தெரியுமா?”

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“அவரு வந்தப்போ நானும் முருகனும் பழக ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆயிடுச்சு, நைனா.”

பக்தவத்சலம் அடுப்பருகே நின்ற ராணியைப் பார்த்தார். அவள் அவசரமாக எண்ணெய்ச் சட்டியைத் துடைக்கத் தொடங்கினாள். தோள் மட்டும் குலுங்கியது. இந்த ஜாதகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததே அவள்தான்.

கோபப்பட வேண்டுமென்றுதான் நினைத்தார். மூன்று வருடமாக உயிரியல் தெரிந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டவனுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கூடத்துக்கு வந்து டீச்சருக்கு போன் போட்டார்.

“டீச்சரம்மா, உங்க புள்ள ஒண்ணும் உளறல. கேட்டவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல. நல்ல நாளா பாருங்க.”