பூனைக்குத் தனி வாசல்

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது. பத்ரிநாராயணன் இன்னும் தன் மயிலாப்பூர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவர் ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும், வீட்டில் வளர்க்கிற பூனை குறுக்கே ஓடும்.

"சகுனம் சரியில்லை நீரஜா" என்று திரும்பி வந்து மனைவியிடம் காபி கேட்பார்.

பொறுத்துப் பார்த்த நீரஜா, தச்சர் லாரன்ஸைக் கூப்பிட்டுப் பின்கதவின் அடியில் பூனைக்கென்று ஒரு குட்டிக் கதவு போடச் சொன்னாள்.

"இனிமே அது பின்பக்கமா போகும். நீங்க நிம்மதியா நடந்துட்டு வாங்கோ."

மறுநாள் காலை பூனை குட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது. பத்ரியும் முன்வாசல் வழியாகக் கிளம்பினார். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"இன்னிக்கும் குறுக்கே வந்துடுத்து."

குட்டிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட வந்திருந்த லாரன்ஸ் நிமிர்ந்தார்.

"கதவு மேல தப்பு இல்லமா. பூனை பின்னாலதான் குந்திகினு இருந்துச்சு. சார்தான் சந்து வழியா வந்து, பிஸ்கட்டைக் காட்டி வாசலாண்ட கூட்டிகினு போனாரு."

அன்று பத்ரி காபி கேட்கவில்லை.

நீரஜா பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலம்பற இதை நான் பார்க்குக்குத் தூக்கிண்டு போயிடறேன். இவருக்குச் சகுனம் பாக்கணும்னா அங்கேதான் நடந்து வரணும்."