சிலோனுக்கு முன்னால் ஒரு அ

“ஒண்டும் நடக்கேல்லை” என்றாள் அவள், மூன்றாம் முறையாக.

ஊரில், இராணுவ முகாமில் அவளுக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. சொல்லாவிட்டால் ஏதென்ஸிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவளுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் தவயோகன் அதைக் கிரேக்கத்தில் சொன்னார். தஞ்ச மனுவை விசாரிக்கும் அதிகாரி தெஸ்பினா ஏதோ பதில் சொன்னாள்.

அதில் ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது.

அசிலோ.

“தம்பி, அது எங்கட சொல்லெல்லோ? அசூல்.”

வெளிநாட்டில் தஞ்சம் கேட்பவனை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அசூல் அடிக்கிறான். ஏதோ கள்ள வேலை போல. புறப்பட்ட அன்று மச்சாளும் சிரித்தாள்: “அசூல் அடிக்கப் போறியாக்கும்.”

“இவையின்ர சொல், அக்கா. நாங்கள்தான் எடுத்து நெளிச்சு வைச்சிருக்கிறம்.”

“என்ன கருத்து?”

தினமும் சொல்கிற சொல். அவருக்குத் தெரியவில்லை. தெஸ்பினாவிடம் கேட்டார்.

தெஸ்பினா கணினியிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மெதுவாகப் பேசினாள்.

“அந்தக் காலத்தில ஒருத்தன் பிழை விட்டால், அவன்ர ஊராக்களில ஆர் அகப்பட்டாலும் பிடிக்கலாமாம். இருக்கிறதைப் பறிக்கலாமாம். அப்பிடி ஒரு உரிமை. அதுக்குப் பேர்…” தவயோகன் தயங்கினார். “சிலோன்.”

“சிலோனோ?”

“சத்தியமா, அக்கா. எங்கட சிலோன் இல்லை. சத்தம்தான் ஒண்டு.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறைக்குள் வந்த பிறகு முதல் தடவை.

“முன்னால ஒரு அ போட்டால் அசிலோன், இப்ப அசிலோ. ஆரும் பறிக்கேலாத இடம், அந்தக் காலத்துக் கோயில் மாதிரி. பறிக்கேலாத ஆள்.”

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

நியாயத்தை அநியாயமாக்குகிற அ. நீதியை அநீதியாக்குகிற அ. அதைத்தான் அவள் அறிவாள்.

அதே அ, இந்த ஊரில், கோயில்கள் இடிந்து தூண்களான பிறகும், துரத்தி வருகிறவர்களை மறித்துக்கொண்டு நிற்கிறது.

ஒற்றை எழுத்து.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தெஸ்பினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தாள்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஆம்பிளைப் பிள்ளை. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்து சொல்லுறீங்களோ?”

தவயோகன் எழுந்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.

முதல் வாக்கியம் முடிந்தது. அதைக் கிரேக்கத்தில் சொல்லத் தொடங்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.