ஆறு கலர்

"பிரின்டர வாங்குறதுக்கு முன்னாடி என் போட்டோவ ஒண்ணு போட்டுக் காட்டுங்க," என்றேன்.

கடையில் எதையும் போட்டுக் காட்டச் சொல்லாதே, வக்கில்லாதவங்கன்னு நினைப்பாங்க என்று சொல்லியே வளர்த்தார் அப்பா. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். என் பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார். எங்கள் தெரு ஸ்டுடியோவில் கொடுக்க முடியாது. அதை நடத்தும் ஆரோக்கியம் அண்ணன் பட்டமளிப்பு விழாக்களில் படம் எடுப்பவர்; பெற்றவர்களை உள்ளே விடுவார்கள் என்று தெரிந்தவர். "அப்பாவக் கூட்டிட்டுப் போகலயா?" என்று கேட்பார். பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று வீட்டில் நான் சொன்ன பொய் உடைந்துவிடும். அதனால்தான் வீட்டுக்கே மலிவாக ஒரு பிரின்டர்.

நாலு கலர் மை போட்ட மெஷினில் வந்த படத்தில் எனக்குப் பின்னால் வேப்பமரத்தடி ஒரே கறுப்பு.

"ஆறு கலர்னா நிழல்ல இருக்கிறதும் தெரியும் மேடம். ரெண்டாயிரம் கூட," என்றார் விற்பனையாளர்.

"போடுங்க."

தாள் மெல்ல வெளியே வந்தது. மரத்தடியில் ஒருவர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் வழக்கமான துண்டு இல்லை. மூட்டை சுமந்து சுமந்து இடது தோள் மட்டும் இறங்கியிருந்தது. பட்டமளிப்பு அன்று சாயங்காலம், "நல்லபடியா நடந்துச்சா பாப்பா?" என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டவர்.

"பின்னாடி யாரோ நிக்கிறாரு மேடம். அழிச்சிடலாமா?"

"எங்கப்பாங்க அது." தேவைக்கு மேல் கத்திவிட்டேன். கோபம் அந்த விற்பனையாளர்மேல் இல்லை.

பிரின்டர் வேண்டாம் என்றேன். மை காயாத தாளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தேன். ஆரோக்கியம் அண்ணனிடம் கொடுத்துப் பெரிதாக்கி, ஸ்டுடியோ கண்ணாடியில் தெருவைப் பார்த்து மாட்டச் சொல்ல வேண்டும்.