ஒரே ஓட்டை

ஒரு வேட்டைத் துப்பாக்கியும் ஒரு பித்தளைத் தோட்டாக்கூடும் கூட்டாளிகள். தோட்டாக்கூட்டுக்கு ஒரே ஆசைதான், ஒரு தடவையாவது காட்டைப் பார்க்கணும்.

முதலாளி தோட்டாவைத் தானே செய்வார். வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, கூட்டுக்குள் கொட்டி, வாயில் குண்டைச் செருகி, தூரத்தில் மாட்டிய காகிதத்தைச் சுடுவார். குண்டு கொஞ்சம் விலகினாலும் போச்சு. அதே கூட்டில் மருந்தை ஒரு துளி மாற்றி மறுபடி சுடுவார்.

"அண்ணே, காட்டுக்கு எப்போ?"

"எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில போகணுமாம். அப்புறம்தான்டா," என்றது துப்பாக்கி.

வருஷக்கணக்கில் இதே கூத்து. ஒருநாள் எல்லாமே ஒரே ஓட்டையில் போனது.

"அண்ணே, நாளைக்குக் காடு!" என்று கூடு குதித்தது.

"அட போடா. சுட்டுச் சுட்டு என் குழல் உள்ளே தேஞ்சு போச்சு. நாளைக்கு இதே அளவு மருந்து போட்டாலும் குண்டு எங்கேயோ போகும்."

அப்படியே ஆனது. கடைசி வெடியில் கூட்டின் வாயும் கிழிந்தது. முதலாளி அதைக் குப்பையில் போட்டார். துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டினார். புதுக் குழலுக்குப் புது அளவு வேணுமே என்று தராசைத் துடைத்தார்.

மேஜையில் ஒரு புதுக்கூடு ஆசையாய்க் கேட்டது: "அண்ணே, காட்டுக்கு எப்போ?"

பழைய கூடு குப்பையிலிருந்து பதில் சொல்லப் பார்த்தது. கிழிந்த வாயில் வெறும் காற்றுதான் வந்தது.