வீணாகும் சூடு

கன்வெர்ட்டர் சோதனை மேசையில் காலை ஷிப்ட் சகாயமேரிக்கு, மதிய ஷிப்ட் அவள் கணவன் அருளப்பனுக்கு. படுக்கையோடு கிடக்கும் மாமனாருக்கு எப்போதும் ஆள் வேண்டும். ஷிப்ட் மாறும்போது இருவரும் பஸ்ஸில் இருக்கும் அரைமணி நேரம் மட்டும் பக்கத்து வீட்டு ரோஸி பார்த்துக்கொள்வாள். அதற்குமேல் அவளாலும் முடியாது. அவர்கள் சோதிக்கும் கன்வெர்ட்டரின் மின்சுற்றுப் பலகையிலும் நான்கு ஸ்விட்சுகள் மாறி மாறித்தான் வேலை செய்யும். மேலும் கீழுமான இரண்டு ஒன்றாக ஆன் ஆகிவிட்டால் பலகை கருகிப்போகும். கணவன் மனைவி இருவரும், எதிரெதிரே போகும் பஸ்கள் பாலத்தில் கடக்கும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொள்வதோடு சரி.

கிளம்புமுன் சகாயமேரி, ஸ்விட்சுகளின் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகட்டின்மேல் மூடி போட்ட டம்ளரில் டீ வைத்துவிட்டுப் போவாள். அருளப்பன் வரும்வரை ஆறாது. ஏழு வருஷமாக அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதி அதுதான்.

இன்று புதுப் பலகை.

"தொட்டுப் பாருங்கக்கா," என்றான் இஞ்சினியர் பிரபாகர், பெருமை தாங்காமல். "ஸ்விட்ச் மாறுறப்பல்லாம் சூடாவே வீணாப் போச்சுல்ல? மொத்தத்தையும் நிறுத்தியாச்சு."

தகடு சும்மா கிடந்த இரும்புபோல் இருந்தது.

"நல்லதுங்க தம்பி."

பழக்கத்தில் டம்ளரை அதன்மேல் வைத்தாள். பிறகு எடுத்தாள். இரு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. அடுத்தது மூன்றேகாலுக்குத்தான். அவன் வந்து சேர இன்னும் அரைமணி. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பஸ் நகரும் சத்தம் கேட்டது.

கைக்குள் டீ இன்னும் ஆறவில்லை.