ஒரு மார்க் குறைவு

"இன்னா சார் இது? என் பொண்ணு எழுதுன லெட்டர் பூரா செவப்பு மையி!" வளர்மதி தாளைத் தமிழாசிரியர் ரஞ்சித்குமாரின் மேஜையில் அறைந்தாள்.

"கடிதத்துக்குன்னு விதி இருக்கும்மா. பெறுநர் எழுதலை, ஒரு மார்க் குறைச்சேன். ஒன்பது போட்டிருக்கேனே!"

"மார்க்கு கெடக்குது. உள்ள இன்னா எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

அப்போதுதான் அவர் படித்தார். 'சார், ஏரியில் வலை போட எங்கள் முறை வரும் நாளில் நைனா படகை எடுத்துப் போய்விடுவார். தீவிலிருந்து அடுத்த படகு பத்து மணிக்குத்தான். என்னை வெளியே நிறுத்தாதீர்கள்.'

"பெறுநர் நீங்கதான் சார்! நேர்ல சொல்லப் பயந்து, கட்டுரை நோட்டுக்குள்ள வச்சுக் குடுத்தா."

வகுப்புக்கு வெளியே, இன்றும் தாமதமாக வந்த அவள் மகள் ஐஸ்வர்யா நின்றுகொண்டிருந்தாள்.